மலைக்குத் திராட்சை, மணலுக்கு முந்திரி

புதுச்சேரி என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் முகத்தில் ஒரு குறும்புச் சிரிப்பு வரும். "உங்க ஊர்ல என்ன சார், 'தண்ணி'க்குப் பஞ்சமே இல்லையாமே" என்பார்கள். நாற்பது ஐம்பது வருஷமாக இந்தச் சிரிப்பைப் பார்த்துப் பழகிவிட்டது. ஆனால் அவர்களில் விவரமான ஒருவர் எப்போதாவது இன்னொரு கேள்வியும் கேட்பார். "பிரெஞ்சுக்காரன் ஏறக்குறைய முந்நூறு வருஷம் இங்கே இருந்தானே, அவனுக்கு ஒயின்தானே உயிர்? ஏன் உங்க ஊர்ல திராட்சைத் தோட்டம் போடல?"

நல்ல கேள்வி. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள், தெருக்களை நூல் பிடித்தாற்போல் போட்டார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். குடிக்கிற ஒயினை மட்டும் கப்பலில்தான் வரவழைத்தார்கள். இதற்கு விடை தேடும் கட்டாயம் இரண்டு வருஷத்துக்கு முன் என் வீட்டுக்குள்ளேயே வந்தது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பவன் அல்ல. சொந்தக்காரர் வீட்டில் நாலைந்து முறை நாக்கில் பட்டதோடு சரி. பிறகு ஒயினைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், முப்பத்து மூன்று வருஷம் பூகோள வாத்தியாராக இருந்த தகுதிதான். மண், மழை, மலை, காற்று இவற்றைப் பற்றிப் பேசாத ஒயின் புத்தகமே கிடையாது என்பதைப் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

என் தங்கையின் கணவர் குடும்பம் 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். அந்த வருஷம் ஆகஸ்ட் 16ஆம் தேதி ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று இருந்தது. நம்மூர் 'சொல்தா' வீடுகளின் கதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வழியில் தங்கை மகனும் பத்தொன்பது வயதில் பிரான்சுக்குப் போனான். பட்டாளத்தில் சேரவில்லை. அங்கே இங்கே வேலை பார்த்து, கடைசியில் ஆல்ப்ஸ் மலை அடிவாரத்தில் ஷாம்பேரி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஒயின் கிடங்கில் ஊன்றிவிட்டான். பதினெட்டு வருஷம் அங்கேயே. திராட்சை அறுப்பு முதல் பீப்பாய் கழுவுவது வரை எல்லா வேலையும் கை வந்தவன்.

தங்கை இங்கே குருசுக்குப்பத்தில் தனியாக இருக்கிறாள். மாப்பிள்ளை காலமாகி ஒன்பது வருஷம் ஆகிறது. முழங்கால் வலி, சர்க்கரை, எல்லாம் நம் வயதுக்கு உரியவை. ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் மகன் முகத்தைப் பார்ப்பதுதான் அவளுக்குத் திருவிழா.

இந்த நிலையில் அவன் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டான். "மாமா, நான் திரும்பி வந்துடலாம்னு இருக்கேன். வானூர் பக்கம் மூணு காணி செம்மண் நிலம் விலைக்கு வருது. தரகர் படம் அனுப்பியிருக்கார். நல்ல வடிகால் உள்ள மண்ணு. அங்க திராட்சை போட்டு, சின்னதா ஒயின் பண்ணலாம்னு யோசனை. புதுச்சேரின்னா பிரெஞ்சுப் பேர் இருக்கு, வெள்ளைக்காரங்க வர்றாங்க, ஓட்டல்ல விக்கலாம். நீங்க மண்ணு பார்த்துச் சொல்லுங்க" என்றான்.

பதினெட்டு வருஷச் சேமிப்பு முழுவதும் அந்த மூன்று காணியில் போகப்போகிறது. நான் 'சரி' என்றால் தங்கைக்கு மகன் கிடைப்பான். 'வேண்டாம்' என்றால் அவன் வரமாட்டான். என்னுடைய பூகோளப் பாடத்துக்கு இவ்வளவு பெரிய பரீட்சை அதற்கு முன் வந்ததில்லை.

நிலத்தைப் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது உண்மைதான். கடலூர் மணற்கல் என்று புவியியலார் சொல்லும் பாறை மேல் படிந்த சிவப்பு மண். தண்ணீர் நிற்காது. சுற்றிலும் முந்திரி. திருவக்கரைக் கல்மரங்கள் கிடக்கின்றனவே, அதே பாறைக் குடும்பம்தான். பிள்ளைகளை வருஷா வருஷம் அங்கே அழைத்துப் போய், ஏறக்குறைய இரண்டு கோடி வருஷத்துக்கு முந்தைய மரம் கல்லாகிக் கிடப்பதைத் தொட்டுக் காட்டியிருக்கிறேன்.

இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது. நம்மூருக்கு மேற்கே வழுதாவூர்ப் பக்கம் தோண்டினால் சுண்ணாம்புக் கல் வரும். அதில் கிளிஞ்சல், நத்தை போன்ற கடல் உயிர்களின் படிவங்கள் இருக்கும். அவற்றைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பி, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் 1846லேயே விவரித்து எழுதியிருக்கிறார். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தின் கடைசிக் கட்டத்தில், சுமார் ஏழு கோடி வருஷத்துக்கு முன், கடலடியில் படிந்த கல் அது. பிரான்சில் ஷாம்பாஞ் பகுதியின் புகழ்பெற்ற வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையும் ஏறக்குறைய அதே யுகத்தைச் சேர்ந்ததுதான். கல்லின் வயது மட்டும்தான் கணக்கு என்றால் வழுதாவூரில் ஷாம்பேன் காய்ச்ச வேண்டும்! காய்ச்ச முடியாது. ஏன் முடியாது என்பதில்தான் முழுப் பாடமும் அடங்கியிருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்களிடம் 'தெருவார்' என்று ஒரு சொல் உண்டு. நம் காதில் தெருவில் போகிறவர் மாதிரி விழும். ஒரு நிலத்தின் பாறை, மண், சரிவு, வெயில், மழை, காற்று, அங்கே உழைக்கிறவர்களின் பழக்கம் எல்லாம் சேர்ந்து அந்த இடத்து விளைச்சலுக்குக் கொடுக்கும் தனிக்குணம் என்று பொருள். இது நமக்குப் புதிதல்ல. நிலமும் பொழுதும்தான் முதற்பொருள் என்று தொல்காப்பியர் காலத்திலேயே வகுத்துவிட்டார்கள். மரம், பறவை, உணவு எல்லாம் அதற்குப் பிறகு வரும் கருப்பொருள். முதற்பொருள் மாறினால் கருப்பொருள் மாறும். தெருவார் என்பதும் அவ்வளவுதான்.

சரி, மலை என்ன செய்கிறது? 2014 செப்டம்பரில் மருமகன் என்னை அங்கே வரவழைத்திருந்தான். அப்போது பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஷாம்பேரிக்குத் தெற்கே மோன் கிரானியே என்று ஒரு மலை, 1,933 மீட்டர் உயரம். அதன் ஒரு பக்கம் கத்தியால் வெட்டினாற்போல் செங்குத்தாக நிற்கும். 1248ஆம் வருஷம் நவம்பர் மாதம் ஒரு இரவில் அந்த மலையின் பெரும் பகுதி பெயர்ந்து விழுந்து, அடியிலிருந்த கிராமங்களை மூடிவிட்டது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மடிந்ததாகச் சொல்கிறார்கள். எழுநூறு எண்ணூறு வருஷம் கழித்து இன்று அந்த இடிபாட்டின் மேல் திராட்சைத் தோட்டம்! அப்ரமோன், அபீம் என்று இரண்டு ஒயின்கள் அங்கே பிறக்கின்றன. 'அபீம்' என்ற பெயருக்கே பாதாளம் என்றுதான் பொருள். வீடு அளவு பாறைகள் இன்னும் தோட்டத்துக்கு நடுவே கிடக்கின்றன. அவற்றைச் சுற்றிக் கொடிகளை நட்டிருக்கிறார்கள்.

நெல் விளையாது, கோதுமை விளையாது, வெறும் சுண்ணாம்புக் கல் சரளை. திராட்சைக்கு அது போதும். போதும் என்பதைவிட, அதுதான் வேண்டும். வெள்ளைக்காரத் தெரு வீடுகளில் படர்ந்திருக்கும் காகிதப்பூச் செடியை நினைத்துப் பாருங்கள். தினமும் தண்ணீர் விட்டால் இலையாகத் தள்ளும். கொஞ்சம் காயப்போட்டால் பூத்துக் குலுங்கும். திராட்சையும் அதே குணம். காய் பழுக்கிற சமயத்தில் தண்ணீர் சற்றுக் குறைந்தால் கொடி ஓடுவதை நிறுத்திவிட்டு, இருக்கிற சர்க்கரையை எல்லாம் பழத்துக்கு அனுப்பும். பழம் சிறியதாக இருக்கும், சாறு அடர்த்தியாக இருக்கும். பொர்தோ பல்கலைக்கழகத்தில் ழெரார் செகேன் என்பவர் இதைப் பல வருஷம் ஆராய்ந்தார். பேர்போன தோட்டங்களுக்கெல்லாம் ஒரே வகை மண் கிடையாது, தண்ணீரை அதிகமும் இல்லாமல் அறவே அற்றும் போகாமல் அளந்து கொடுக்கும் தன்மைதான் அவற்றுக்குப் பொது என்று அவர் எழுதினார். மலைச்சரிவும் சரளையும் அந்த அளவையைத் தாமாகவே செய்துவிடுகின்றன.

இரண்டாவது, உயரம். நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 0.6 டிகிரி குறையும். இதைப் பிள்ளைகளுக்கு ஊட்டியையும் கொடைக்கானலையும் காட்டிச் சொல்லிக்கொடுப்பேன். ஆனால் திராட்சைக்கு முக்கியம் பகல் வெப்பம் மட்டுமல்ல, இரவுக் குளிர். பகலில் இலை வெயிலைக் குடித்துச் சர்க்கரை செய்கிறது. பழத்துக்குள் புளிப்பும் இருக்கிறது. இரவு வெக்கையாக இருந்தால், அந்தப் புளிப்பில் ஒரு பகுதியைப் பழமே மூச்சாக எரித்துத் தீர்த்துவிடும். இரவு குளிர்ந்தால் புளிப்பு தங்கும். புளிப்பில்லாத ஒயின் புளி போடாத ரசம் மாதிரி, வாயில் வைத்தால் சப்பென்று இருக்குமாம். மருமகன் அப்படித்தான் சொன்னான். நான் குடித்துப் பார்த்த அப்ரமோன் ஒயினில் எலுமிச்சம்பழத் துண்டைக் கடித்த மாதிரி ஒரு துடிப்பு இருந்தது உண்மை.

மூன்றாவது, வெயில். மலையில் காற்று மெலிந்திருப்பதால் புற ஊதாக் கதிர் கூடுதலாக விழும். பழம் தன்னைக் காத்துக்கொள்ளத் தோலைத் தடிமனாக்கிக்கொள்ளும். சிவப்பு ஒயினின் நிறமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. தென்னமெரிக்காவில் அர்ஜென்டினாவின் மென்டோசா பகுதியில் ஆயிரம் மீட்டருக்கு மேலும் தோட்டம் போடுகிறார்களே, அங்கே விளையும் ஒயின் கறுப்பு மை மாதிரி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான்காவது, சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது. கிரானியேயின் வடக்கு அடிவாரத்தில் விளைவது மெலிந்த, துள்ளலான வெள்ளை ஒயின். பள்ளத்தாக்கின் எதிர்ப்புறம் ஷிஞான் என்ற ஊர். அங்கே சரிவு தெற்கு நோக்கியது, நாள் முழுக்க வெயில். அதனால் வெப்பம் அதிகம் கேட்கும் ருசான் என்ற வேறு ரகம் அங்கே பழுக்கிறது. அதன் ஒயின் கனமாக, பாதாமி வாசனையோடு இருக்கிறது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை கண்ணுக்குத் தெரியும். இரண்டும் சுண்ணாம்புச் சரளைதான். சூரியனுக்கு முகம் காட்டியதும் முதுகு காட்டியதும்தான் வித்தியாசம்.

கல்லே ஒயினில் ருசிக்கும் என்று சிலர் சொல்வார்கள். சுண்ணாம்பு ருசி, சிலேட்டு ருசி என்று கடையில் அட்டையே ஒட்டியிருக்கும். வேல்ஸ் நாட்டில் புவியியல் பேராசிரியராக இருந்த அலெக்ஸ் மால்ட்மன் இதை மறுக்கிறார். கல்லுக்குச் சொந்தமாக ருசி கிடையாது, வேர் உறிஞ்சுவது தண்ணீரில் கரைந்த சொற்ப உப்புகளைத்தான், அவை ஒயினில் வருவதும் நாக்குக்கு எட்டாத அளவில்தான் என்கிறார். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. கல் நேரே ருசியாக வராது. தண்ணீரைப் பிடித்து வைப்பது, வடிய விடுவது, வெயிலில் சூடேறி இரவில் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுப்பது, இப்படித்தான் வேலை செய்யும். ஜெர்மனியில் மோசல் ஆற்றங்கரையில் கறுப்புச் சிலேட்டுக் கல் பகலில் சூடாகிக் குளிர்ப் பிரதேசத்துக் கொடிக்குக் கணப்பாக இருக்கிறது. அதே கறுப்புக் கல்லை வானூரில் பரப்பினால் கொடி வெந்துபோகும். கல் ஒன்றுதான். பொழுது வேறு.

இனி நம்மூருக்கு வருவோம். கடல் மட்டத்திலிருந்து கொஞ்சம்தான் மேலே இருக்கிறோம். மே மாதம் இரவில் வெப்பம் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கும். மார்கழி, தையில்கூட 21 டிகிரி. கடற்காற்றின் புண்ணியத்தால் பகலுக்கும் இரவுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வருஷத்து மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும். ஈரக் காற்றில் திராட்சை இலைக்குப் பூஞ்சை நோய் பிடிக்கும். ஷாம்பாஞ்சில் வருஷச் சராசரி வெப்பமே சுமார் 11 டிகிரிதான். வழுதாவூர்ச் சுண்ணாம்பில் ஷாம்பேன் வராததன் ரகசியம் இதுதான். முதற்பொருளில் பாதி ஒத்துப்போகிறது, மறுபாதி அடியோடு வேறு.

"அப்படின்னா நாசிக்ல எப்படி மாமா விளையுது? அதுவும் நம்ம நாடுதானே?" என்று மருமகன் மடக்கினான். விவரமானவன். நாசிக் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் மேலே, எரிமலைக் குழம்பு உறைந்த தக்காணப் பீடபூமியில் இருக்கிறது. குளிர்கால இரவில் அங்கே 10 டிகிரிக்குக் கீழேயும் போகும். பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் என்பவர், ஷாம்பாஞ் பகுதியைச் சேர்ந்த ழோர்ழ் வெசெல் என்ற ஒயின் நிபுணரின் யோசனையோடு, 1988 வாக்கில் தோட்டம் போட்டார். அதுவும் 900 மீட்டருக்கு மேல். அங்கே கருங்கல் பாறை, செம்மண். ஐரோப்பாவில் கொடி பனிக்காலத்தில் தானாகத் தூங்கும். நம் நாட்டில் தூங்காது. அதனால் வருஷத்தில் இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். சித்திரை வாக்கில் ஒரு கவாத்து, அது கொடியை வளர்க்க. புரட்டாசி, ஐப்பசியில் இன்னொன்று, அது காய்க்க. குளிர்ந்த, மழையில்லாத மாதங்களில் பழம் பழுத்து, பிப்ரவரி, மார்ச்சில் அறுப்பு. மழையை விட்டு விலகி, குளிரைத் தேடிப் பிடிக்கிறார்கள். நம்மூரிலோ ஐப்பசியில் கவாத்து செய்தால் பூக்கிற நேரத்தில் அடைமழை பிடித்துக்கொள்ளும்.

நான் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம், நேரில் பார் என்று அவன் விடுமுறையில் வந்தபோது கம்பம் பள்ளத்தாக்குக்கு அழைத்துப் போனேன். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் எங்கு பார்த்தாலும் கல்தூண் ஊன்றி, கம்பி கட்டி, தலைக்கு மேல் பந்தல். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறுபக்கம் மேகமலை. கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம். 1895 முதல் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர். மலை, பருவமழையின் கொடுமையை ஓரளவு தடுத்துவிடுகிறது. மலைக்காற்று ராத்திரியில் இறங்கி வருகிறது. நாட்டின் மற்றப் பகுதிகளில் ஒரு பருவம் மட்டும் அறுக்கும் திராட்சையை, அங்கே ஏதாவது ஒரு தோட்டத்தில் வருஷம் முழுக்க அறுத்துக்கொண்டே இருக்கிறார்கள். கவாத்து செய்து நாலு மாதத்தில் பழம்.

அங்கே விளைவது நாம் எல்லோரும் சிறுவயதிலிருந்து தின்ற பன்னீர் திராட்சை. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்பது வழங்கிவரும் வரலாறு. 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் ரகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இதே ரகத்தைப் பிரான்சின் தென்பகுதியில் மோன் வாந்தூ என்ற மலை அடிவாரத்திலும் பயிரிடுகிறார்கள், அதற்கும் 1997இல் அந்த நாட்டுக் குறியீடு கிடைத்திருக்கிறது. மருமகன் ஒரு பழத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "வாசனை அதே வாசனைதான் மாமா. வாந்தூ பழத்துல தோலு கெட்டி, புளிப்பு கொஞ்சம் நின்னு பேசும். இது தோலு மெல்லிசு, சாறு ஜாஸ்தி, இனிப்பு சட்டுனு வந்து சட்டுனு போயிடுது" என்றான். ஒரே வம்சத்துப் பிள்ளைகள் இரண்டு ஊரில் வளர்ந்தால் பேச்சு மாறுவது மாதிரி. பாண்டித் தமிழும் பிரான்சுத் தமிழும் அவன் வாயிலேயே கலந்து வருவதைக் கேட்டவனுக்கு இது புரியும்.

பந்தல் வைத்திருந்த பெரியவர் ஒருவரிடம் எங்கள் திட்டத்தைச் சொன்னோம். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவர் கேட்டது ஒரே கேள்வி. "உங்க ஊர்ல ஐப்பசி கார்த்திகையில மழை எப்படி?" மருமகன் பதில் சொல்லவில்லை. அவர் சிரித்துக்கொண்டே பந்தலைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

திரும்பி வரும் வழியில் நான் தெளிவாகச் சொன்னேன். "கொடி வளரும். பழமும் வரும். தின்ன நன்றாகவே இருக்கும். ஆனால் நீ பதினெட்டு வருஷமாகக் கையாண்ட ஒயின் அந்த மண்ணிலிருந்து வராது. நீ படித்த வித்தை மலையின் வித்தை. இங்கே மலை இல்லை." திண்டுக்கல் வரை அவன் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தரகருக்கு இன்னும் முன்பணம் கொடுக்கல மாமா" என்றான்.

தங்கை என்னோடு இரண்டு மாதம் பேசவில்லை. பேசியபோது சொன்னது: "ஏண்ணா, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் எடுத்தது போதாதா? என் பிள்ளை வரேன்னு சொன்ன நேரத்துலயா உனக்கு மழைக் கணக்கு?" அவள் கேட்டதில் என்ன தவறு? அவளுக்குத் திராட்சையும் வேண்டாம், ஒயினும் வேண்டாம். ராத்திரி பக்கத்து அறையில் ஒரு இருமல் சத்தம் கேட்டால் போதும். நான் பதில் சொல்லவில்லை. மகனைக் கூட்டி வந்து, மூன்றாவது வருஷம் பணத்தையும் இழந்து, அறுபது வயதுத் தாய்மாமன் மேல் கசப்போடு அவன் திரும்பப் பறந்தால் அவள் நிலை என்ன என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது?

முடிச்சை அவிழ்த்தது அவளேதான். போன வருஷம் பொங்கலுக்கு அவன் வந்திருந்தபோது, அந்த நிலத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்துக் காரில் ஏறினாள். அவள் பிறந்தது என்னோடு வில்லியனூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டில் என்பதை நாங்கள் எல்லோரும் மறந்திருந்தோம். இறங்கி, குனிந்து, ஒரு பிடி மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்தாள். "இதுல போயி வெள்ளைக்காரன் கொடியைப் போடணும்னியே. முந்திரி கிடக்கு, பலா கிடக்கு. ஊடால ரெண்டு வருஷம் மல்லாட்டை போட்டா கை செலவுக்கு ஆச்சு" என்றாள். முப்பத்து மூன்று வருஷம் நான் எடுத்த பாடம் மூன்று வாக்கியத்தில் முடிந்துவிட்டது.

மூன்று காணி வாங்கவில்லை. ஒரு காணி மட்டும் வாங்கினான். சேமிப்பில் பெரும் பகுதி கையில் இருக்கிறது. முந்திரி ஒட்டுக் கன்றுகளும், வரப்போரம் பண்ருட்டியிலிருந்து வந்த பலாக் கன்றுகளும் வைத்திருக்கிறான். வேலையை விடவில்லை. அறுப்பு முடிந்து கிடங்கில் வேலை குறைகிற குளிர்காலத்தில் இரண்டரை மாதம் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வந்து இருக்கிறான். முழுவதும் வந்துவிடுவானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஒன்பது மாதம் தொலைபேசி, இரண்டரை மாதம் பக்கத்து அறை. தங்கை இப்போது என்னிடம் பேசுகிறாள், முழு மனதோடு என்று சொல்ல மாட்டேன்.

கவாத்து செய்யத் தெரிந்த கை சும்மா இருக்காது. திராட்சைக் கொடியில் எந்தக் கிளையை வைப்பது, எதை வெட்டுவது என்று பதினெட்டு வருஷம் பழகிய அதே கண்ணோடு முந்திரியின் தாழ்கிளைகளைக் கழித்துக்கொண்டிருக்கிறான். பக்கத்து நிலத்துக்காரர்கள் வேலியோரம் நின்று பார்க்கிறார்களாம்.

வெளியூர்க்காரர் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். பிரெஞ்சுக்காரன் நம்மூரில் ஒயின் தோட்டம் போடாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. மலையும் குளிர்ந்த இரவும் கப்பலில் ஏறாது. அதே சமயம் பண்ருட்டிப் பலாவை அவன் ஆல்ப்ஸ் அடிவாரத்தில் விளைவிக்கவும் முடியாது. நெய்தலுக்கு நெய்தலின் பொருள், குறிஞ்சிக்குக் குறிஞ்சியின் பொருள்.

அடுத்த முறை குபேர் அங்காடிக்குப் போனால் பன்னீர் திராட்சை கால் கிலோ வாங்குங்கள், விதையோடு இருப்பதாகப் பாருங்கள். விதையில்லாத நாசிக் திராட்சையும் கிடைத்தால் அதையும் வாங்கி, இரண்டையும் பக்கத்தில் வைத்து மெதுவாகத் தின்று பாருங்கள். ரகம் வேறு, மண் வேறு, இரவு வேறு. சர்க்கரை உள்ளவர்கள் நாலு பழத்தோடு நிறுத்திக்கொள்ளவும். நான் ஆறு தின்றேன். வீட்டில் தெரியாது.